நான் வாசித்த பேய்ப் படங்கள்



நாவல் திரைப்படமாவதை நாம் அறிவோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படமாக வந்தபோது, சினிமா பார்க்காத வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். இதற்கு நேர்மாறான ஒரு தொழிலும் உலகில் உண்டு. முதலில் படம் உருவாகும். பிறகு அதிலிருந்து நாவல் எழுதப்படும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது ஏறக்குறைய நூறாண்டுப் பழக்கம். 'கிங் காங்' படம் 1933ஆம் ஆண்டு வெளியானது. டெலோஸ் லவ்லேஸ் எழுதிய அதன் நாவல் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கடைக்கு வந்துவிட்டது. இத்தகைய நாவல்களில் பேய்ப் படங்களிலிருந்தும் பயங்கரப் படங்களிலிருந்தும் பிறந்தவை ஒரு தனிக் கூட்டம். மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். வேலை இருக்கிறது. இவ்வாண்டு என் தங்கை மகனின் உறக்கம் இந்த விஷயத்தோடு பிணைந்துபோனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நாவல்கள் எழுதப்படும் முறை விசித்திரமானது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரைக்கதையின் படி ஒன்று எழுத்தாளரின் கைக்கு வரும். சில வாரங்களில் அதை நாவலாக்கித் தர வேண்டும். படம் வெளியாகும் நாளில் புத்தகம் கடையில் இருக்க வேண்டும். ஆகவே எழுதியவர் பெரும்பாலும் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். வீடியோ கேசட்டுகள் வீடுகளுக்குள் நுழையாத காலத்தில், திரையரங்கை விட்டுப் போன படத்தை மீண்டும் அனுபவிக்க மக்களுக்கு இருந்த வழிகளுள் இந்தச் சிறு நாவலும் ஒன்று. நம் ஊரில் இதற்கு நெருக்கமாக இருந்தது பாட்டுப் புத்தகம். பள்ளித் தோழர்களின் பைகளில் நான் பார்த்திருக்கிறேன். கதைச் சுருக்கம் சுவையாகத் தொடங்கி, முக்கியமான இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடும். வெள்ளித்திரையைக் காண அனுமதி இல்லாத பிள்ளைக்கு அந்த வரி எத்தனை பெரிய கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

நான் அப்படிப்பட்ட பிள்ளை. சினிமா கொட்டகை இருந்த தெருவில் நடக்க நேர்ந்தால்கூட அத்தா எங்களை எதிர்ப்பக்கமாக அழைத்துச் செல்வார். ஆனால் எழுத்தின் மீது அவருக்கு அளவற்ற மரியாதை இருந்தது. அச்சிட்ட தாள் தரையில் கிடந்தால், அது எந்த மொழியானாலும், எடுத்துத் தூசி தட்டி மேலே வைப்பார். புத்தகம் படிக்கிறேன் என்றால் என்ன புத்தகம் என்று கேட்க மாட்டார். பின்னாளில் சென்னையில் ஓர் அரபிக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஜும்ஆ தொழுதுவிட்டுத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றுவேன். ஆங்கிலம் கற்க வேண்டும் என்பது நோக்கம். எளிய நடையில், மலிவான விலையில் கிடைத்தவை இந்தத் திரைப்பட நாவல்கள்தாம். முதலில் வாங்கியது 'ஏலியன்'. விலை எட்டு ரூபாய். அட்டையில் விரிசல் விட்ட ஒரு முட்டை. அது ஒரு படத்தின் நாவல் என்பதே பாதி படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஏலியன்' படம் 1979இல் வெளியானது. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். திரைக்கதையை எழுதியவர் டான் ஓபேனன். விண்கலத்திற்குள் நுழைந்து மனிதர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் அந்த உயிரினத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் கைகர். நாவலை எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். படத் தயாரிப்பாளர்கள் அந்த உயிரினத்தின் உருவத்தை அவரிடம்கூடக் காட்ட மறுத்துவிட்டார்கள். எப்படி இருக்கும் என்று தெரியாத ஒன்றைப் பற்றி ஒரு நாவல் முழுவதும் எழுத வேண்டிய நிலை அவருக்கு. அவர் என்ன செய்தார்? அதை வருணிக்காமலே எழுதி முடித்தார். அது கடந்து சென்ற இடம், அதைக் கண்டவர்களின் நடுக்கம், காற்றுக் குழாய்க்குள் கேட்ட ஓசை ஆகியவை இருக்கின்றன. அது மட்டும் தெளிவாக இல்லை. தடையாக வந்தது நூலின் வலிமையாகிவிட்டது. நான் இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. என் மனத்தில் ஓர் உருவம் இருக்கிறது. அது கைகர் வரைந்ததன்று.

இன்னொன்றையும் கவனித்தேன். படம், ஆளரவமற்ற விண்கலத்தின் நடைவழிகளைக் காட்டித் தொடங்குகிறது என்பர். நாவலோ உறங்கிக்கொண்டிருக்கும் ஏழு பேரின் கனவுகளிலிருந்து தொடங்குகிறது. கேமராவால் உறங்குபவரின் முகத்தைத்தான் காட்ட முடியும். யார் என்ன கனவு காண்கிறார், யாருக்குக் கனவே வருவதில்லை என்பதை எழுத்தால் சொல்ல முடிகிறது. இறக்கப்போகும் ஒருவரை அவருடைய கனவின் வழியே முதலில் அறிந்துகொண்டால், அவருடைய சாவு வெறும் அதிர்ச்சியாக நின்றுவிடுவதில்லை, துக்கமாகவும் ஆகிறது.

படம் பார்க்காமல் நாவலை மட்டும் வாசித்தவன் என்ற என் நிலை ஏதோ குறைபாடு என்றுதான் நெடுநாள் தோழர்கள் கேலி செய்தார்கள். 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற படத்தைப் பற்றி அறிந்த பிறகு அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது. 1927இல் வந்த மௌனப் படம் அது. டாட் பிரௌனிங் இயக்க, லான் சேனி நடித்தார். கூரிய பற்களும் உயர்ந்த தொப்பியுமாக அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. படம் மட்டும் இல்லை. எஞ்சியிருந்த கடைசிப் பிரதி, 1965இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கிடங்கில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. ஆனால் மேரி கூலிட்ஜ் ராஸ்க் என்பவர் எழுதிய அதன் நாவல் 1928இல் வெளிவந்திருந்தது, அது இருக்கிறது. இன்று அந்தக் கதைக்குள் நுழைய விரும்புபவர்களுக்குப் புகைப்படங்களும் அந்தப் புத்தகமும் வழியாக இருக்கின்றன. அந்தப் படத்தைப் பொறுத்தவரை உலகமே எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

எல்லா நாவல்களும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல கூலிக்கு எழுதப்பட்டவை. எழுதியவர்களே சொந்தப் பெயரைப் போட விரும்பவில்லை. இங்கிலாந்தின் சிறந்த திகில் எழுத்தாளர் ராம்சே கேம்பல், பழைய படங்களின் நாவல்களை 1977இல் கார்ல் டிரெட்ஸ்டோன் என்ற பெயரில் எழுதினார். டென்னிஸ் எட்சிசன், ஜாக் மார்ட்டின் ஆனார். வேடிக்கையின் உச்சம் 1992இல் நடந்தது. பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலை, அவர் பெயரையே தலைப்பில் வைத்து 'பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா' என்று படமெடுத்தார்கள். பிறகு அந்தப் படத்திலிருந்து வேறு இருவர் ஒரு நாவல் எழுதினார்கள். மூல நூல் கடையில் கிடைக்கும்போதே இது!

என்னை நீண்ட நாள் சிந்திக்க வைத்தது 'ஹாலோவீன்'. ஜான் கார்பென்டர் இயக்கி 1978இல் வெளியான படம். 1963ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒரு சிற்றூரில், மைக்கேல் என்ற ஆறு வயதுச் சிறுவன் தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். ஏன் என்று படம் சொல்வதில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி, முகமூடி அணிந்து, அதே ஊருக்குத் திரும்புகிறான். அப்போதும் ஏன் என்பதற்கு விடையில்லை. அந்த விடையின்மையே படத்தின் உயிர் என்று அதைப் பற்றி எழுதியவர்கள் கூறுகிறார்கள். அடுத்த ஆண்டு நாவல் வந்தது. கர்ட்டிஸ் ரிச்சர்ட்ஸ் என்பது அதற்குப் போடப்பட்ட பெயர். அந்நூல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? பன்னெடுங்காலத்துக்கு முன், பழங்கால அயர்லாந்தின் சாவின் என்னும் திருநாள் இரவில். காதலில் புறக்கணிக்கப்பட்ட ஓர் இளைஞன், ஒரு கொலை, ஒரு சாபம். அந்தச் சாபம் தலைமுறைகளைத் தாண்டி வந்து ஆறு வயதுச் சிறுவனின் காதில் குரலாக ஒலிக்கிறது.

'ஜாஸ்' வரிசையின் நான்காம் படத்திற்கும் இதே கதிதான். ஒரு சுறா மீன் ஒரே குடும்பத்தைத் தேடிப் பிடித்துத் துரத்துகிறது. சுறாவுக்கு ஏன் இந்தப் பகை? படம் வாய் திறக்கவில்லை. 1987இல் நாவலை எழுதிய ஹாங்க் சேர்ல்ஸ் பாவம், ஏதாவது சொல்லியாக வேண்டும். சூனியம் வைத்ததாக எழுதிவிட்டார்.

இருட்டரங்கில் இருப்பவருக்குக் கேள்வி கேட்க நேரமில்லை. இசை உயர்கிறது, கதவு திறக்கிறது, உடல் துள்ளுகிறது. வாசிப்பவரோ விளக்கைப் போட்டுக்கொண்டு, தேநீர் அருந்திக்கொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் ஒரு நிமிடம் யோசிக்கக்கூடியவர். 'ஏன்' என்று கேட்கக்கூடியவர். அதனால் எழுத்தாளர் காரணம் தேடி ஓடுகிறார். காரணம் கிடைத்த கணத்தில் அச்சம் பாதியாகிவிடுகிறது. வெறும் கதையாகப் பார்த்தால் இது குறைதான். ஃபாஸ்டரைப் போல மௌனம் காத்தவர்களின் நூல்களே மீண்டும் வாசிக்கத் தக்கவை என்பது என் எண்ணம்.

மதரஸாவில் சிறு பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், ஜின் எப்படி இருக்கும்?" புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை, நாம் அவற்றைக் காணாத இடத்திலிருந்து அவை நம்மைக் காண்கின்றன என்று குர்ஆன் அறிவிப்பதைச் சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். பிள்ளைகளுக்கு அது போதாது. கால் எப்படி, கண் எப்படி என்று துளைப்பார்கள். தெருமுனைக் கதைகளில் அதற்கெல்லாம் விடை உண்டு. நான் சேர்ப்பதில்லை. மறைவானவற்றில் சொல்லப்பட்ட அளவோடு நிற்பது நமக்குப் பழக்கமான ஒழுக்கம்.

'தி ஓமன்' நாவலை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்காததற்கும் இதுவே காரணம். 1976இல் வந்த அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதிய டேவிட் செல்ட்சர், நாவலையும் தாமே எழுதினார். படத்திற்கு விளம்பரமாக முன்னதாகவே வெளியிட்டார்கள்; லட்சக்கணக்கில் விற்றது. ஒரு தூதரின் வீட்டில் வளரும் குழந்தை ஷைத்தானின் பிள்ளை என்பது கதை. விறுவிறுப்பாக எழுதப்பட்ட நூல், அதை மறுக்கவில்லை. ஆனால் கதையில் ஒரு பாதிரியார், வேதத்தில் உள்ளதாக ஒரு முன்னறிவிப்புக் கவிதையைச் சொல்கிறார். 666 என்ற எண் கிறிஸ்தவர்களின் வெளிப்படுத்தின விசேஷத்தில் இருப்பதுதான். அந்தக் கவிதை எந்த வேதத்திலும் இல்லை, கதைக்காக இயற்றப்பட்டது. திரையில் அது சில நொடிகளில் கடந்து போய்விடும். அச்சில் அது நிற்கும். அடிக்கோடிடலாம், எழுதி வைத்துக்கொள்ளலாம், பிறருக்கு எடுத்துச் சொல்லலாம். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்கள் எப்படிப் பரவுகின்றன என்று பாடம் நடத்துபவனுக்கு இது சிறிய விஷயமாகத் தெரிவதில்லை. பிற சமயத்தாரின் வேதத்தின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட பொய்யும் பொய்தான்.

இனி என் தங்கை மகன். ஒன்பதாம் வகுப்பு. சென்ற கோடை விடுமுறையில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்து, காதுக்கருவி மாட்டிக்கொண்டு, தொடர்ந்து சில இரவுகள் பேய்ப் படங்கள் பார்த்திருக்கிறான். அவற்றில் ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது. முகத்தை முடி மூடிய ஒரு பெண், ஒரு வீட்டு மாடி, மெல்லத் திறக்கும் ஒரு கதவு. அதன் பிறகு அவன் தனியாகக் குளியலறைக்குப் போவதில்லை. விளக்கை அணைக்க விடுவதில்லை. பஜ்ருக்கு எழுப்பப் போனால் விழித்தே கிடப்பான். எடை குறைந்தது. மச்சான் கைப்பேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கைப்பேசி பூட்டப்பட்டது, கதவு அவன் கண்ணுக்குள் திறந்துகொண்டேதான் இருந்தது. பக்கத்து வீட்டார் தாயத்துக் கட்டச் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் தடுத்தேன். இரவில் அவன் பக்கத்தில் அமர்ந்து ஆயத்துல் குர்ஸியை இருவருமாக ஓதினோம். அந்த நேரம் அமைதியாக இருப்பான். இரண்டு மணிக்கு மீண்டும் விழித்துக்கொள்வான்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, அந்தப் பழைய 'ஏலியன்' பிரதியை எடுத்து அவனோடு திண்ணையில் உட்கார்ந்தேன். நாளுக்குப் பத்துப் பக்கம், பகல் வெளிச்சத்தில் மட்டும் என்று பேச்சு. தங்கை கோபித்துக்கொண்டாள்.

"பேய்க்கதையால வந்த நோய்க்குப் பேய்க்கதையே மருந்தா அண்ணே?"

"இது நிறுத்தச் சொன்னா நிக்கிற கதைம்மா" என்றேன்.

உண்மையில் அவளுடைய கேள்விக்கு அப்போது என்னிடம் முழுமையான விடை இல்லை. படம் அவனுக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டது; அதை அவனால் திருப்பித் தர முடியவில்லை. அது வரும் வேகத்தையும் ஓசையையும் வேறு யாரோ தீர்மானித்திருந்தார்கள். புத்தகத்தில் வேகம் அவனுடையது, உருவமும் அவனுடையது. தானாக உண்டாக்கியதைத் தானே மாற்றிக்கொள்ளலாம் அல்லவா என்பதுதான் என் கணக்கு. ஐந்தாம் நாள் அவன் கேட்டான்: "மாமா, அது எப்படி இருக்கும்னு போடவே இல்லையே?" ஃபாஸ்டருக்கு உருவத்தைக் காட்ட மறுத்த கதையைச் சொன்னேன். அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "எழுதுனவருக்கே தெரியாதா!"

அதன் பிறகு ஒரு யோசனை தோன்றியது. அவனைப் பிடித்திருந்த அந்தப் படத்தை நாவலாக எழுதச் சொன்னேன். தமிழில், பள்ளி நோட்டில், அந்த எழுத்தாளர்கள் செய்ததைப் போலவே. முதல் நாள் அரைப் பக்கத்தில் நின்றுவிட்டான். அந்தப் பெண்ணின் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. படத்தில் அவளுக்குப் பெயர் இருந்ததா என்பதும் நினைவில்லை. பெயர் இல்லாமல் 'அவள்', 'அவள்' என்று எழுதினால் வாக்கியம் நகர மறுக்கிறது என்றான். மறுநாள் அவளுக்கு மும்தாஜ் என்று பெயர் வைத்தான். பெயர் வந்ததும் ஊர் வந்தது. ஊர் வந்ததும் ஒரு தாயார் வந்தார். மாடி அறைக்கு அவள் ஏன் போனாள் என்று நான் கேட்டேன். ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, காயப்போட்ட துணியை மழைக்கு முன் எடுக்கப் போனாள் என்று எழுதிக்கொண்டு வந்தான். 'ஹாலோவீன்' நாவலில் நான் குறையாகக் கண்ட அதே வேலையைத்தான் பிள்ளை செய்துகொண்டிருந்தான். சாபத்துக்குப் பதிலாக அவன் துணிக்கொடியை வைத்தான், அவ்வளவுதான். ஒரு நாவலைக் கெடுக்கும் காரணம் ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யலாம் போலும்.

அவன் அச்சம் அதோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். மேலும் ஒரு மாதம் விளக்கு எரிந்தது. பிறகு வராந்தா விளக்கு மட்டும் போதும் என்றான். மச்சான் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை. அது அவருடைய முடிவு, நான் தலையிடவில்லை. 'ஏலியன்' படத்தைப் பார்க்கலாமா என்று அவன் கேட்டதற்கு, முதலில் உன் நாவலை முடி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முடிவதாகத் தெரியவில்லை. நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம் நடக்கிறது. மும்தாஜின் தாயார் மீன் ஆணம் சமைப்பதற்கே இரண்டு பக்கம் போயிருக்கிறது. வீட்டுப்பாடம் கிடக்கிறது, இதை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று இப்போது தங்கையின் புகார் வேறு. சென்ற வாரம் போனபோது, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா, தாழ்ப்பாளுக்கு எந்த ழ?" என்று கேட்டான்.